'பாய்காட்' என்பது ஒரு துரையின் பெயர்!

ஊரே கைகட்டி நின்றது. உலகத்துக்கு ஒரு சொல் கிடைத்தது

"அந்தக் கடையில் எடை சரியில்லை. இனி அந்தப் பக்கமே போகாதே. பாய்காட் பண்ணு!"

வீடுகளில் இப்படிப் பேசிக்கொள்கிறார்கள். மாணவர்கள் வகுப்பைப் பாய்காட் செய்தார்கள், வக்கீல்கள் கோர்ட்டைப் பாய்காட் செய்தார்கள் என்று பத்திரிகையில் செய்தி வருகிறது. தமிழில் பகிஷ்காரம் என்கிறோம், புறக்கணிப்பு என்கிறோம். ஆனாலும், பள்ளிக்கூடம் போகாத கிழவி கூட 'பாய்காட்' என்றால் புரிந்துகொள்கிறாள்.

பாய்காட் இங்கிலீஷ் வார்த்தை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் 1880-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் வரை அப்படி ஒரு வார்த்தை இங்கிலீஷில் கிடையாது! எந்த அகராதியைப் புரட்டினாலும் அகப்பட்டிருக்காது. அது ஒரு மனிதரின் பெயராக மட்டுமே இருந்தது. அந்த வருஷம் முடிவதற்குள் அவருடைய பெயர் பத்திரிகைகளில் வினைச் சொல்லாக ஏறிவிட்டது.

யார் அந்த மனிதர்? அவர் என்ன செய்தார்? ஊர் அவரை என்ன செய்தது?

பாதிரியார் மகன்

சார்லஸ் கன்னிங்காம் பாய்காட் 1832-ம் ஆண்டு மார்ச் 12-ந் தேதி இங்கிலாந்தில் நார்போக் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தார். தந்தை அந்த ஊர்ப் பாதிரியார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அவர்களுடைய குடும்பப் பெயர் முதலில் 'பாய்கேட்' என்றுதான் இருந்தது. சார்லசுக்கு 9 வயது நடந்தபோது, 1841-ல், அந்தக் குடும்பம் பெயரில் ஓர் எழுத்தை மாற்றிக்கொண்டது. 'பாய்கேட்' 'பாய்காட்' ஆயிற்று. அன்று மாற்றியிராவிட்டால் இன்று நாம் "பாய்கேட் பண்ணு" என்று சொல்லிக்கொண்டிருப்போம்!

வாலிப வயதில் சார்லஸ் பட்டாளத்தில் சேர்ந்தார். பட்டாளம் அவரை அயர்லாந்துக்கு அனுப்பியது. அங்கே நோயில் விழுந்தார். உத்தியோகத்தை விட்டார். ஆனால் அயர்லாந்தை விடவில்லை. 1852-ல் அங்கேயே ஆனி என்ற பெண்ணை மணந்துகொண்டார். அச்சில் என்ற தீவில் பல வருஷம் பண்ணை நடத்தினார். ஜனங்கள் அவரை 'கேப்டன்' என்றே அழைத்தார்கள்.

1873-ல் அவர் மேயோ மாவட்டத்துக்கு வந்தார். அங்கே மாஸ்க் ஏரி என்று ஒரு பெரிய ஏரி. ஏரிக்கரையில் ஒரு பங்களா. சுற்றிலும் எர்ன் பிரபு என்ற பெரிய ஜமீன்தாரின் நிலம். பிரபு வேறு மாவட்டத்தில் கோட்டையில் வாழ்ந்தார். மாஸ்க் ஏரிப் பக்கத்தில் அவருக்கு இருந்த 1,500 ஏக்கரைக் கவனிக்கும் காரியஸ்தராகக் கேப்டன் பாய்காட் அமர்ந்தார். குடியானவர்களிடம் குத்தகைப் பணத்தை வசூல் செய்வது அவர் வேலை. அதோடு, தானும் அதே பிரபுவிடம் 600 ஏக்கருக்கு மேல் குத்தகைக்கு எடுத்துப் பண்ணை வைத்திருந்தார்.

கேப்டன் கொலைகாரரோ கொள்ளைக்காரரோ அல்ல. சட்டப்படி நடப்பவர், கண்டிப்பானவர். "நம் கோழி அவர் வயலில் கால் வைத்தாலும் அபராதம் போடுகிறார். முன்பெல்லாம் தோப்பில் சுள்ளி பொறுக்கினோம், அதையும் தடுத்துவிட்டார்" என்பது குடியானவர்களின் மனக்குறை. சின்னக் குறைகள்தான். ஆனால் சின்னக் குறைகள் பல சேர்ந்தால் பெரிய நெருப்புக்கு விறகாகிவிடும்.

உழுதவனுக்கு நிலம் இல்லை

அந்த நெருப்பைப் புரிந்துகொள்ள, அன்றைய அயர்லாந்தின் நிலைமையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அயர்லாந்து அப்போது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. நாட்டின் நிலத்தில் பெரும்பகுதி ஒரு சில ஆயிரம் ஜமீன்தார்கள் கையில். உழுதவர்களுக்கு நிலம் சொந்தமில்லை. குத்தகை கட்டும் வரை குடிசையில் இருக்கலாம். கட்டத் தவறினால் பெண்டு பிள்ளைகளோடு தெருவுக்கு வர வேண்டியதுதான். குத்தகையைச் சரியாகக் கட்டியவர்களைக்கூட, கெடு முடிந்ததும் வெளியே அனுப்ப ஜமீன்தாருக்கு உரிமை இருந்தது.

ஏழைகளுக்கு உருளைக்கிழங்குதான் சோறு. 1845-ல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. அடுத்தடுத்த வருஷங்களில் பஞ்சம். ஏறக்குறைய 10 லட்சம் பேர் பட்டினியாலும் காய்ச்சலாலும் மாண்டார்கள். இன்னும் 10 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் கப்பலேறி அமெரிக்கா முதலிய நாடுகளுக்கு ஓடினார்கள்.

அந்தப் பஞ்சத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே, 1879-ல் மறுபடியும் விளைச்சல் பொய்த்தது. "இன்னொரு பஞ்சமா?" என்று ஜனங்கள் நடுங்கினார்கள்.

அந்த வருஷத்தில்தான் 'நிலச் சங்கம்' பிறந்தது. அதை உருவாக்கியவர் மைக்கேல் டாவிட். இவர் குழந்தையாக இருந்தபோது இவருடைய குடும்பமே குடிசையிலிருந்து துரத்தப்பட்டது. பஞ்சாலையில் வேலை செய்தபோது, 11 வயதில், இயந்திரத்தில் சிக்கி வலது கையை இழந்தவர். சங்கத்துக்குத் தலைவர் சார்லஸ் ஸ்டூவர்ட் பார்னல். இவரோ தாமே ஒரு ஜமீன்தார், பார்லிமெண்டு அங்கத்தினர். துரத்தப்பட்ட வீட்டுப் பிள்ளையும் ஜமீன் வீட்டுப் பிள்ளையும் ஒரே சங்கத்தில் கை கோத்தார்கள். நியாயமான குத்தகை வேண்டும், நிலத்தைவிட்டுத் துரத்தக்கூடாது என்பவை அவர்களுடைய கோரிக்கைகள்.

"அவனை என்ன செய்வீர்கள்?"

1880-ம் ஆண்டு செப்டம்பர் 19-ந் தேதி. என்னிஸ் என்ற ஊரில் பெரிய கூட்டம். பார்னல் பேசினார்.

ஒரு குடியானவனைத் துரத்திவிட்டு, அந்த நிலத்தை இன்னொருவன் ஏலம் கேட்டு எடுத்துக்கொண்டால் அவனை என்ன செய்வீர்கள் என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்.

"சுட்டுத் தள்ளுவோம்!" என்று கூட்டத்தில் குரல் எழுந்தது.

பார்னல் கையமர்த்தினார். அதைவிட நல்ல வழி இருக்கிறது என்றார். அப்படிப்பட்டவனைச் சாலையில் கண்டால் ஒதுங்கிப் போங்கள், கடையில், சந்தையில், கோவிலில்கூட அவனோடு பேசாதீர்கள், தனியே விட்டுவிடுங்கள், அவன் மனம் திருந்த அதுவே வழி என்று சொன்னார்.

துப்பாக்கி வேண்டாம், தடி வேண்டாம், வாயை மூடிக்கொண்டு விலகி நில் என்பதுதான் அந்தப் பேச்சின் சாரம். அந்த ஆயுதத்துக்கு அன்று பெயர் இல்லை. பெயர் கிடைக்க அதிக நாள் ஆகவில்லை!

அமீனாவை விரட்டிய பெண்கள்

விளைச்சல் மோசம் என்பதால் குத்தகையில் நூற்றுக்கு 10 குறைப்பதாக எர்ன் பிரபு சொன்னார். "போதாது, 25 குறையுங்கள்" என்று குடியானவர்கள் கேட்டார்கள். பிரபு மறுத்துவிட்டார். பணம் கட்டாத 11 குடியானவர்கள் மீது கேப்டன் பாய்காட் கோர்ட்டில் உத்தரவு வாங்கினார்.

செப்டம்பர் 22-ந் தேதி, நோட்டீசு கொடுக்க அமீனா புறப்பட்டார். காவலுக்கு 17 போலீசார்.

மூன்று வீடுகளில் நோட்டீசு கொடுத்தாயிற்று. நான்காவது வீட்டில் ஓர் அம்மாள் வாங்க மறுத்தாள். மறுத்ததோடு நிற்கவில்லை. சிவப்புத் துணி ஒன்றைத் தூக்கி ஆட்டினாள். அதைப் பார்த்ததும் வயல்களிலிருந்தும் குடிசைகளிலிருந்தும் பெண்கள் ஓடி வந்தார்கள். சேறும் சாணியும் கல்லும் பறந்தன. அமீனாவும் போலீசாரும் கேப்டனுடைய பங்களாவுக்குள் ஓடி ஒளிந்தார்கள். மறுநாளும் வந்து பார்த்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை.

ஆள் இல்லாத பண்ணை

அதன் பிறகு பக்கத்து ஊரான பாலின்ரோப்பிலிருந்தும் ஜனங்கள் திரண்டு பங்களாவுக்கு வந்தார்கள். "இனி இவரிடம் யாரும் வேலை செய்யக் கூடாது" என்று பண்ணையாட்களிடம் சொன்னார்கள். பண்ணையாட்கள் வேலையைப் போட்டது போட்டபடி விட்டு நடந்தார்கள். சமையற்காரர்களும் வேலைக்காரர்களும் போனார்கள்.

கொல்லன் குதிரைக்கு லாடம் அடிக்க மறுத்தான். சலவைக்காரி துணி எடுக்க வரவில்லை. தபால் கொண்டுவந்த பையன் நின்றுவிட்டான். கடைக்காரர்கள் சாமான் கொடுக்கவில்லை. கையில் பணம் இருந்தது, வாங்குவதற்குத்தான் வழியில்லை. ஏரியின் மறு பக்கத்திலிருந்து படகில் சாமான் வரவழைக்க வேண்டியதாயிற்று.

கேப்டனும் மனைவியும், கூட இருந்த உறவுப் பிள்ளைகளும் தாங்களே மாடு கறந்தார்கள், குதிரைக்குத் தீனி போட்டார்கள், அடுப்பு மூட்டினார்கள். பங்களாவைச் சுற்றிப் போலீஸ் காவல். வயலிலோ, தானியக் கதிரும் கிழங்கும் அறுப்பாரும் தோண்டுவாரும் இல்லாமல் கிடந்தன. மழைக்காலம் நெருங்கிவிட்டது.

இதில் எல்லாமே மனமொப்பி நடந்தது என்று சொல்லிவிட முடியாது. "துரைக்கு வேலை செய்தால் உயிர் தப்பாது" என்று கொல்லனுக்கு மிரட்டல் கடிதம் வந்ததாகக் கேப்டன் எழுதியிருக்கிறார். வேலிகள் உடைக்கப்பட்டன, பயிர் மிதிபட்டது. சங்கத்தின்மீது கொண்ட பற்றினால் விலகியவர்களும் உண்டு. பயத்தினால் விலகியவர்களும் உண்டு.

பாதிரியார் நெற்றியைத் தட்டினார்

அந்த வட்டாரத்தில் ஜான் ஓமாலி என்று ஒரு பாதிரியார் இருந்தார். குடியானவர்களின் பக்கம் நின்றவர். நிலச் சங்கத்துக்கு உள்ளூரில் தூண் போன்றவர். அடிதடி கூடாது என்று ஜனங்களுக்கு ஓயாமல் சொல்லி வந்தவரும் அவரே.

ஜேம்ஸ் ரெட்பத் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் நிலைமையை நேரில் பார்த்து எழுத வந்திருந்தார். ஒரு நாள் இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். ரெட்பத் சாப்பிடாமல் யோசித்துக்கொண்டிருந்தார். என்ன விஷயம் என்று பாதிரியார் கேட்டார்.

"ஒரு வார்த்தை அகப்படாமல் தவிக்கிறேன்" என்றார் ரெட்பத்.

ஊர் சேர்ந்து ஒருவரை ஒதுக்கி வைப்பதற்கு இங்கிலீஷில் 'ஆஸ்ட்ரசிசம்' என்று ஒரு பழைய சொல் உண்டு. அது கிரேக்க நாட்டுச் சொல். முற்காலத்தில் ஏதென்ஸ் நகரத்து ஜனங்கள், தங்களுக்கு ஆபத்தானவர் என்று கருதியவரின் பெயரை உடைந்த பானை ஓட்டில் கீறிப் போடுவார்கள். போதிய ஓடுகள் சேர்ந்தால் அவர் 10 வருஷம் ஊரைவிட்டு வெளியே இருக்க வேண்டும். அந்த ஓட்டின் பெயரிலிருந்து வந்த சொல் அது. படித்தவர்களுக்குப் புரியும். சேற்றில் நிற்கும் குடியானவனுக்குப் புரியுமா?

"அது சரிப்படாது" என்று பாதிரியாரும் ஒப்புக்கொண்டார். தலையைக் குனிந்து யோசித்தார். தம்முடைய பெரிய நெற்றியைத் தட்டினார். பிறகு சொன்னார்:

"அவரைப் 'பாய்காட் செய்வது' என்று வைத்துக்கொண்டால் என்ன?"

பிற்பாடு ரெட்பத்தே எழுதி வைத்த விவரம் இது. அந்தச் சொல்லை முதன்முதலில் அச்சில் ஏற்றியவரும் அவரே. 1880 அக்டோபரில் அது அமெரிக்கப் பத்திரிகையில் வெளிவந்தது.

எழுத்தறியாத ஏழை ஒருவன் ஒரு தடவை கேட்டால் புரிந்துகொண்டு, மறு தடவை தானே சொல்லக்கூடிய சொல்லாக இருக்க வேண்டும். அதுதான் அந்த இருவருடைய கவலை. உலகத்தை வலம் வந்த சொல் அந்தக் கவலையிலிருந்து பிறந்தது.

சுண்டைக்காய் கால் பணம்

அக்டோபர் 18-ந் தேதி லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகையில் கேப்டன் பாய்காட்டின் கடிதம் வெளியாயிற்று. ஆட்கள் போனது, கொல்லன் போனது, சலவைக்காரி போனது எல்லாவற்றையும் எழுதியிருந்தார். இங்கிலாந்தில் பரபரப்பு. "ஒரு வெள்ளைக்காரக் கனவானைப் பட்டிக்காட்டார்கள் படுத்தும் பாட்டைப் பாருங்கள்!" என்று சிலர் கொதித்தார்கள். நிதி திரட்டினார்கள்.

அயர்லாந்தின் வடபகுதியில் அரசாங்கத்துக்கு விசுவாசமான பிராட்டஸ்டண்டு மதத்தினர் இருந்தார்கள். நூற்றுக்கணக்கில் போய் அறுவடை செய்து கொடுக்கிறோம் என்று அவர்கள் கிளம்பினார்கள். "படை போல் போனால் கலகம்தான் மூளும்" என்று சர்க்கார் பயந்தது. 50 பேருக்கு மட்டும் அனுமதி கொடுத்தது. கேவன் மாவட்டத்திலிருந்தும் மானகன் மாவட்டத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள்.

இந்த 50 பேரைக் காக்கப் போன பட்டாளமும் போலீசும் எத்தனை தெரியுமா? ஏறக்குறைய ஆயிரம் பேர்! குதிரைப் படையும் வந்தது.

நவம்பர் 11-ந் தேதி அவர்கள் கிளேர்மாரிஸ் ரயில் நிலையத்தில் இறங்கினார்கள். கொட்டும் மழை. வாடகைக்கு வண்டி கொடுக்க ஆளில்லை. பத்து மைலுக்கு மேல் நனைந்துகொண்டே நடந்தார்கள். கேப்டனுடைய தோட்டமெல்லாம் கூடாரம் முளைத்தது.

இரண்டு வாரம் வேலை நடந்தது. உருளைக்கிழங்கும் டர்னிப் கிழங்கும் தோண்டினார்கள், தானியம் அடித்தார்கள். ஊரார் வழிமறிக்கவில்லை, கல்லெறியவில்லை. எட்டியும் பார்க்கவில்லை. ஓமாலி பாதிரியாரின் கட்டளை அது.

கடைசியில் கணக்குப் பார்த்தார்கள். அறுவடையான விளைச்சலின் மதிப்பு சுமார் 500 பவுன். அதற்கு ஆன செலவு சுமார் 10,000 பவுன்! 'சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்' என்று நம் ஊரில் சொல்வார்கள். இங்கே சுமைகூலி இருபது மடங்கு! தோண்டிய டர்னிப் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஷில்லிங் ஆயிற்று என்று பார்னல் கேலி செய்தார்.

பட்டாளம் திரும்பிப் போன அன்று நடந்ததாக ஒரு கதை சொல்வார்கள். சாலையில் ஈ காக்கை இல்லை. சுவரோரம் ஒரு கிழவி மட்டும் நின்றாள். ஓமாலி பாதிரியார் அவளிடம் போய், "பிரிட்டிஷ் பட்டாளத்தை ஒன்றும் செய்யாதே என்று உனக்கு எத்தனை தடவை சொன்னேன்? இப்படி மிரட்டலாமா?" என்று பொய்க் கோபத்தோடு அதட்டினாராம்!

துரை போனார், பெயர் நின்றது

நவம்பர் 27-ந் தேதி கேப்டன் பாய்காட்டும் குடும்பத்தாரும் பங்களாவைவிட்டுப் புறப்பட்டார்கள். அவர்களை ஏற்றிச் செல்ல ஊரில் ஒரு வண்டிக்காரனும் வரவில்லை. காயம்பட்ட சிப்பாய்களைத் தூக்கிப் போகும் பட்டாளத்து வண்டியில் ஏறிப் போனார்கள்.

டப்ளின் நகரில் ஓட்டலில் தங்கினார்கள். இவர்களை வைத்துக்கொண்டால் உன் ஓட்டலுக்கும் இதே கதி என்று ஓட்டல்காரருக்குக் கடிதம் வந்தது. டிசம்பர் முதல் தேதி கேப்டன் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போய்விட்டார்.

ஆனால் அவருக்கு முன்பே அவருடைய பெயர் லண்டனுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது! அவர் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னால், நவம்பர் 20-ந் தேதி, 'டைம்ஸ்' பத்திரிகை வேறோர் ஊரில் நடந்த சம்பவத்தை எழுதும்போது, அந்த ஊரார் சிலரைப் 'பாய்காட்' செய்யத் தீர்மானித்தார்கள் என்று எழுதிவிட்டது. அங்கே கேப்டன் இல்லை. அவர் பெயர் மட்டும் இருந்தது.

பிறகு பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், ரஷிய மொழிகளில் அந்தச் சொல் புகுந்தது. ஜப்பானியரும் எடுத்துக்கொண்டார்கள்.

1881-ல் அமெரிக்காவில் இருந்த நண்பரைப் பார்க்கக் கேப்டன் போனார். யாருக்கும் தெரியாமல் இருக்கக் கடைசிப் பெயரை விட்டுவிட்டு, 'சார்லஸ் கன்னிங்காம்' என்று மட்டும் சொல்லிக்கொண்டார். நியூயார்க் பத்திரிகைக்காரர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்! நஷ்ட ஈடாகச் சர்க்காரிடம் 6,000 பவுன் கேட்டார், கிடைக்கவில்லை. 1886-ல் இங்கிலாந்தில் பிளிக்ஸ்டன் என்ற ஊரில் மீண்டும் ஒரு ஜமீன் காரியஸ்தராக வேலைக்கு அமர்ந்தார். 1897 ஜூன் 19-ந் தேதி, 65-ம் வயதில், காலமானார். பிறந்த ஊரிலேயே புதைக்கப்பட்டார். தம்மை விரட்டிய அயர்லாந்துக்கே அவர் பல முறை விடுமுறைக்குப் போய் வந்தார் என்பது ஆச்சரியமான விஷயம்.

பிற்பாடு, 1947-ல், 'கேப்டன் பாய்காட்' என்ற பெயரில் சினிமாவும் வந்தது.

குடியானவர்களுக்கு என்ன கிடைத்தது? சர்க்கார் முதலில் அடக்குமுறைச் சட்டம் கொண்டுவந்தது; பார்னலைச் சிறையில் வைத்தது. ஆனால் அதே 1881-ல் குத்தகையைக் கோர்ட்டு நிர்ணயிக்கும் சட்டமும் வந்தது. 1903-ல் வந்த சட்டத்தின்படி, சர்க்கார் கடன் கொடுக்க, குடியானவர்கள் நிலத்தை விலைக்கே வாங்கிக்கொண்டார்கள். உழுதவன் நிலத்துக்குச் சொந்தக்காரன் ஆனான்.

நம் நாட்டில்

அயர்லாந்தில் பிறந்த சொல் அதே பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த இந்தியாவுக்கு வராமல் இருக்குமா?

1905-ல் கர்சன் பிரபு வங்காளத்தை இரண்டாகப் பிரிக்க உத்தரவிட்டார். ஆகஸ்டு 7-ந் தேதி கல்கத்தா டவுன் ஹாலில் கூட்டம் கூடி, பிரிட்டிஷ் சாமான்களைப் பகிஷ்கரிப்பது என்று தீர்மானம் செய்தார்கள். சீமைத் துணி தெருவில் எரிந்தது. 1911-ல் வங்காளப் பிரிவினை ரத்து செய்யப்பட்டது.

தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். ஜனங்கள் வெள்ளைக்காரன் கப்பலைவிட்டுச் சுதேசிக் கப்பலில் ஏறினார்கள். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துப் பார்த்தது. 1908-ல் வ. உ. சி. சிறைக்குப் போனார், 1911-ல் கம்பெனியும் மூடப்பட்டது. எல்லாப் பகிஷ்காரமும் உடனே வெற்றி பெறுவதில்லை. ஆனால் சீமைச் சாமான் இல்லாமலும் வாழலாம் என்ற நினைப்பு தமிழ்நாட்டுத் தெருக்களில் ஊன்றிவிட்டது.

அமெரிக்காவில் மாண்ட்கோமரி நகரில், பஸ்ஸில் வெள்ளைக்காரருக்கு இடம் விட மறுத்த ரோசா பார்க்ஸ் என்ற நீக்ரோ மாது 1955 டிசம்பரில் கைது செய்யப்பட்டார். அந்த நகரத்துக் கறுப்பு மக்கள் 381 நாள் பஸ்ஸில் ஏறவில்லை. நடந்தே வேலைக்குப் போனார்கள். இறுதியில் கோர்ட்டு அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

கத்தியின் மறு பக்கம்

இத்துடன் கதை முடிந்தால் நன்றாக இருக்கும். ஆனால் இந்த ஆயுதம் நல்லவர்கள் கையில் மட்டும் தங்கவில்லை.

1933 ஏப்ரல் முதல் தேதி, ஜெர்மனியில் ஹிட்லரின் ஆட்கள் யூதர்களின் கடைவாசலில் நின்று, "இங்கே எதுவும் வாங்காதே" என்று தடுத்தார்கள். அதற்குப் பெயரும் பாய்காட்தான். அது எங்கே போய் முடிந்தது என்பது உலகத்துக்குத் தெரியும்.

நம் கிராமங்களில் இந்தச் சொல் வருவதற்கு முன்பே அந்தக் காரியம் இருந்தது. கிணற்றில் தண்ணீர் எடுக்க உரிமை கேட்டால், கூலியைக் கூட்டிக் கேட்டால், ஜாதி மாறிக் கல்யாணம் செய்தால், ஊர்விலக்கு! கடையில் சாமான் கிடையாது, வயலில் வேலை கிடையாது, பேச்சுத் துணை கிடையாது. தாழ்த்தப்பட்ட மக்கள்மீது வீசப்படும் ஆயுதங்களில் இது மிகக் கொடியது என்பதை டாக்டர் அம்பேத்கர் உணர்ந்திருந்தார். 1930-ல் லண்டன் வட்டமேஜை மாநாட்டிலேயே அதைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று கேட்டார். பர்மாவில் 1922-ல் வந்திருந்த பகிஷ்காரத் தடுப்புச் சட்டத்தை எடுத்துக் காட்டினார்.

தாழ்த்தப்பட்ட வகுப்பினர், பழங்குடியினர் மீதான கொடுமைகளைத் தடுக்கும் சட்டத்தில், அவர்களைச் சமூகப் பகிஷ்காரம் செய்வது குற்றம் என்று 2015-ல் திருத்தம் செய்யப்பட்டது. மகாராஷ்டிர மாநிலம் ஊர்விலக்கைத் தடுக்கத் தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது.

மாஸ்க் ஏரிக்கரையில் இல்லாதவர்கள் சேர்ந்து இருப்பவரின் காரியஸ்தரை விலக்கினார்கள். அவருக்குப் பட்டாளம் வந்தது, பத்திரிகை வந்தது, போக இங்கிலாந்து இருந்தது. நம் ஊரில் இருப்பவர்கள் சேர்ந்து இல்லாதவனை விலக்கினால், அவனுக்கு எந்தப் பட்டாளம் வரும்? அவன் எந்தக் கப்பலில் ஏறுவான்?

ஒரே சொல்தான். கேப்டனைப் பணிய வைத்ததும் அதுதான். கூலிக்காரன் குடும்பத்தைப் பட்டினி போடுவதும் அதுதான். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அகராதியில் கிடைக்காது.

ஆகவே, "பாய்காட் பண்ணு!" என்று யாராவது சொல்லக் கேட்டால், உடனே கிளம்பிவிட வேண்டாம். ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்: யார், யாரை?